சிப்பி காணாத சுண்ணக்கல்

யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்பும் கண்டிப் பகுதியின் சுண்ணாம்பும் வெற்றிலையிற் பூசும்போது ஒன்றே. அவற்றைத் தந்த கற்களோ ஒன்றல்ல. குடாநாட்டுக் கல் மயோசீன் காலத்தது. ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுடையது. கிணறு வெட்டுவோர் அதனுள் சிப்பி, நத்தை முதலியவற்றின் ஓடுகளையும் அவை பதிந்த அச்சுக்களையும் காண்பர். 1923இல் வேலண்டும் டேவிசும் இலங்கையின் மயோசீன் படைகளை ஆராய்ந்தபோது இத்தகைய உயிர்ச்சுவடுகளே சான்றாயின.

கண்டிக்கு அண்மையிலுள்ள திகனையிலும் மாத்தளையிலும் சூளைக்குச் செல்லும் கல்லை உடைத்துப் பார்ப்பின் மினுங்கும் வெண்பளிங்குகளே தோன்றும். ஒரு சிப்பியேனும் இல்லை. அவ்வாறாயின் இக்கல் கடலிற் பிறந்ததன்று எனலாமா?

இப்பளிங்குச் சுண்ணக்கற்களைப் பற்றி 1902இல் இலண்டன் புவிச்சரிதவியற் கழகத்தின் சஞ்சிகையில் எழுதியவர் ஆனந்த குமாரசுவாமி. 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் அளவைக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. கலைமேதையெனப் போற்றுவோர் அவரது இப்பணியை மறந்துவிடுதல் வருந்தத்தக்கது.

கடலடியிற் படிந்த சுண்ணமே பின்னர் புவியின் ஆழத்தில் வெந்து பளிங்காயிற்று என்பது இன்று பொதுவாக ஏற்கப்பட்ட கொள்கை. அவ்வெப்பம் சிப்பிகளை அழித்துவிட்டது என்று பலர் அமைதி கூறுவர். காலக்கணக்கு அதற்கு இடந்தரவில்லை. மலைநாட்டுப் பாறைகள் 800 பாகை செல்சியசு அளவிலான வெப்பத்திற்கு உட்பட்டது ஏறக்குறைய 55 முதல் 61 கோடி ஆண்டுகளுக்கு முன்னர். சுண்ணம் படிந்ததோ அதற்கும் நெடுங்காலம் முன்னர். இருவோட்டுச் சிப்பியினத்தின் மிகப் பழைய சுவடுகள் கேம்பிரியன் காலத் தொடக்கத்தவை. 54 கோடி ஆண்டுகளுக்கு மேற்படாதவை. எனவே வெப்பம் அழிப்பதற்குச் சிப்பியே இருக்கவில்லை. கண்டியின் கடல் சிப்பிக்கு மூத்தது.

இத்தகைய கற்களில் உயிரைத் தேடுவோர் விழிப்பாயிருத்தல் வேண்டும். 1860களில் கனடாவின் பளிங்குச் சுண்ணக்கல்லிற் கண்ட வரிகளை டோசன் என்னும் அறிஞர் ஓர் உயிரின் சுவடெனக் கொண்டு ‘இயோசூன்’ எனப் பெயரிட்டார். அது கனிப்பொருள்கள் மாறிமாறிப் படிந்த கோலமே என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

ஆயினும் அப்பழங்கடல் உயிரற்றிருந்ததென்று கொள்ளல் தகாது. ஓடில்லா நுண்ணுயிர்கள் அக்காலத்துக் கடல்களில் வாழ்ந்தன. மலைநாட்டின் படிவுவழிப் பாறைகளில் ஆங்காங்கே மின்னும் காரீயச் செதில்களின் கரி, அத்தகைய உயிர்களிலிருந்தே வந்திருக்கலாமென ஆய்வாளர் கருதுவர்.