சந்தைப் போட்டியும் சுதேசிக் கப்பலும்: ஒரு வரலாற்று நோக்கு

போட்டி விலையைக் குறைக்கும். நுகர்வோர்க்கு நன்மை தரும். திறன்மிக்கவரை நிலைபெறச் செய்யும். முதலாளியப் பொருளாதாரம் பற்றிய செவ்வியல் கொள்கையின் சாரம் இதுவாகும். குடியேற்ற ஆட்சிக்கால இந்தியச் சந்தையில் இக்கொள்கை எந்த அளவிற்குப் பொருந்திற்று என்பதனைத் தூத்துக்குடி - கொழும்புக் கப்பல் தடத்தின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

அத்தடத்தில் செல்வாக்குப் பெற்றிருந்தது பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி. 1856-இல் வேறு பெயரில் தொடங்கப்பெற்று, 1862-இல் இப்பெயர் பெற்ற இந்நிறுவனத்தின் வளர்ச்சிக்கு அரசின் அஞ்சல் ஒப்பந்தங்கள் துணைநின்றன. எனவே, இதன் வலிமையைச் சந்தைத் திறனால் மட்டும் விளைந்ததெனக் கொள்ளுதல் இயலாது.

இதற்கு எதிராக வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். பங்கொன்று 25 ரூபாயாக 40,000 பங்குகள், மொத்தம் 10 லட்சம் ரூபாய் மூலதனம் எனத் திட்டமிடப்பட்டது. மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவராக விளங்கினார். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளை வாங்கினார். 1907-இல் காலியா, லாவோ என்னும் கப்பல்கள் வந்து சேர்ந்தன.

தொடர்ந்து கட்டணப் போர் மூண்டது. ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைக்க, சுதேசிக் கம்பெனி எட்டணாவாகக் குறைத்தது. பின்னர் ஆங்கிலக் கம்பெனி இலவசப் பயணத்துடன் குடையும் வழங்க முன்வந்ததாக வரலாற்று நூல்கள் கூறும். இங்குக் கட்டணக் குறைப்பு திறனின் வெளிப்பாடன்று. இழப்பைத் தாங்கும் ஆற்றலின் வெளிப்பாடே ஆகும். பல தடங்களில் கப்பல் செலுத்திய நிறுவனம் ஒரு தடத்தின் இழப்பைப் பிறவற்றின் வருவாயால் ஈடுசெய்ய இயலும். புதிய நிறுவனத்திற்கோ அவ்வாய்ப்பு இல்லை. நுகர்வோர் பெற்ற ஆதாயமே போட்டியாளரை வீழ்த்தும் கருவியாயிற்று.

எனினும், மூலதனம் மட்டுமே முடிவைத் தீர்மானித்ததெனக் கூறுதலும் பொருந்தாது. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைது செய்யப்பட்டார், சூலையில் அவருக்கு வாழ்நாள் தண்டனை விதிக்கப்பட்டது. தலைமையை இழந்த கம்பெனி 1911-இல் கலைக்கப்பட்டது. அவருடைய சிறைவாழ்வை மட்டும் சுட்டும் வரலாறு சந்தையின் வன்மையை மறைக்கிறது. கணக்கேட்டை மட்டும் நோக்கும் வரலாறு அரசின் கரத்தை மறைக்கிறது. இரண்டையும் இணைத்துக் காண்பதே முறையாகும்.

வென்ற நிறுவனமும் 1914-இல் பி அண்டு ஓ என்னும் பெருநிறுவனத்துடன் இணைந்தது. போட்டி தன்னளவில் கட்டுப்பாடின்றி விடப்படின் ஒருமுகக் குவிப்பில் முடியக்கூடும் என்பதற்கு இதுவும் சான்றாகும். போட்டியாளரை ஒழிக்கும் நோக்குடன் அடக்கவிலைக்குக் கீழ் விற்பதனை, மேலாதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்துதல் என இந்தியாவின் போட்டிச் சட்டம், 2002 வரையறுத்துத் தடைசெய்கிறது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன் தூத்துக்குடித் துறைமுகத்தில் இத்தகைய காப்பு இருந்ததில்லை. சந்தை நியாயமாக இயங்க வேண்டுமெனின், போட்டியிடுவோர்க்கு இடையே நிற்கும் அரசு எவர் பக்கமும் சாராதிருத்தல் வேண்டும் என்பதே சுதேசிக் கப்பலின் வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.