அச்சே சிறையில் உருவான டச்சுச் சொல்நூல்

அகராதி ஒன்றைக் கையில் எடுக்கும்போது தொகுத்தவரின் பெயரை நாம் முகப்பில் காண்கிறோம். அவருக்கு அச்சொற்களைச் சொல்லிக் கொடுத்தவர் யார் என்று கேட்பதில்லை. கீழைத் தேசத்து மொழிகளுக்காக ஐரோப்பாவில் ஆரம்ப காலத்தில் அச்சிடப்பட்ட அகராதிகளைப் பொறுத்தவரை இக்கேள்வி மிகவும் அவசியமானது. 1603இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த டச்சு - மலாய்ச் சொல்நூலை அதற்குச் சான்றாகக் கொள்ளலாம்.

இந்நூலின் ஆசிரியர் பிரெடரிக் டி ஹவுட்மன். இவருடைய அண்ணன் கொர்னேலிஸ், 1595இல் புறப்பட்ட டச்சுக்காரர்களின் முதல் கீழைக்கடல் பயணத்திற்குத் தலைமை வகித்தவர்களுள் ஒருவர். சகோதரர் இருவரும் இரண்டாம் முறையாக 1598இல் புறப்பட்டு, மறு ஆண்டு சுமத்திராவின் வடமுனையிலுள்ள அச்சேயை அடைந்தனர். மிளகு வணிகத்தில் செழித்திருந்த அத்துறைமுகத்தை அப்போது சுல்தான் அலாவுத்தீன் ரிஆயத் ஷா அல்முகம்மில் ஆண்டு வந்தார். 1599 செப்டம்பரில் மூண்ட மோதலில் கொர்னேலிஸ் கொல்லப்பட்டார், பிரெடரிக் சிறைப்பட்டார். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அவர் சுல்தானின் கைதியாக இருந்தார்.

அக்காலத்தில் தம்மை இஸ்லாத்திற்கு அழைத்தார்கள் என்றும், அச்சுறுத்தினார்கள் என்றும், தாம் இணங்கவில்லை என்றும் ஹவுட்மன் பின்னர் எழுதினார். இது ஒரு கைதியின் தரப்புக் கூற்று என்பதை நாம் மறந்துவிடலாகாது. ஆயினும் அவர் உயிருடன் இருந்தார்; மக்களுடன் பேசிப் பழகினார்; தென்வானத்து விண்மீன்களைக் கூர்ந்து நோக்கிக் குறித்துக்கொண்டார்; மலாய் மொழியையும் கற்றார். இளவரசர் மொரிஸின் கடிதத்துடன் ஸீலாந்துக் கப்பல்கள் 1601இல் அச்சேக்கு வந்த பின்னர் அவர் விடுதலை பெற்றார். அக்கப்பல்களிலேயே அச்சே சுல்தானின் தூதுக்குழுவும் ஐரோப்பாவுக்குப் பயணமாயிற்று. குழுவின் மூத்த தூதர் 1602இல் மிடில்பர்க் நகரில் காலமாகி அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

ஹவுட்மன் வெளியிட்ட நூலில் மலாய், மடகாஸ்கர் மொழிச் சொற்களோடு உரையாடல்களும் இடம்பெற்றன. கப்பல் துறையில் வந்து சேர்தல், சந்தையில் விலை பேசுதல், கொடுத்த கடனைக் கேட்டல் என அவை வணிகனுக்குத் தேவையானவை. அறபு, துருக்கிச் சொற்கள் பலவும் இதில் அடங்கும் என்று முகப்பே அறிவிக்கிறது. இதில் வியப்பில்லை. 16ஆம் நூற்றாண்டிலேயே உதுமானியப் பேரரசுக்குத் தூது அனுப்பிய நாடு அச்சே. மலாய் மொழியோ கிதாப், துன்யா, வக்து, ஹுகும், கபர் முதலிய அறபுச் சொற்களைத் தன்னுடையனவாக்கிக் கொண்ட மொழி. நம் கரையிலிருந்து சென்ற கப்பல், கடை, பெட்டி, முதல் என்னும் தமிழ்ச் சொற்களும் காப்பல், கெடாய், பெத்தி, மோடல் என அதில் வாழ்கின்றன. சோழமண்டலக் கரைக்கும் மலாய்த் துறைமுகங்களுக்கும் இடையே நடந்த கடல் வணிகத்தின் எச்சங்கள் அவை.

அச்சே மக்கள் மலாயை அறபு எழுத்தில், அதாவது ஜாவி முறையில் எழுதினர். அறபுத்தமிழை அறிந்த நமக்கு இது அந்நியமானதன்று. ஹவுட்மனோ தம் காதில் விழுந்ததை டச்சு எழுத்துக்கூட்டலில் பதிந்தார். அப்படியானால் அச்சொற்களை அவர் காதில் போட்டவர்கள் யார்? காவலர்களா, துறைமுக வணிகர்களா, அரண்மனை அலுவலர்களா? நூலின் முகப்பில் அவர்களுள் எவருக்கும் இடமில்லை.

இந்நூலுக்கு நேர்ந்த அடுத்த கதை இன்னும் கவனிக்கத்தக்கது. டச்சும் ஆங்கிலமும் உடன்பிறந்த மொழிகள். டச்சுக்காரரின் ‘ஸ்கிப்’ ஆங்கிலேயரின் ‘ஷிப்’. அவருடைய ‘புக்’ இவருக்கும் ‘புக்’. இருந்தும் இந்நூல் டச்சிலிருந்து நேரே ஆங்கிலத்திற்குச் செல்லவில்லை. கொத்தார்ட் ஆர்த்துஸ் என்னும் டான்சிக் அறிஞர் உரையாடல்களை இலத்தீனில் தந்தார். அதிலிருந்து அகஸ்டின் ஸ்பால்டிங் என்னும் வணிகர் ஆங்கிலமாக்கி, கீழைத் தேசம் செல்வோர்க்கென 1614இல் இலண்டனில் வெளியிட்டார். அந்த ஆங்கில நூலின் முகப்பு ஆர்த்துஸின் உழைப்பைப் புகழ்கிறது. ஹவுட்மனின் பெயரைச் சொல்லவில்லை. தமக்குக் கற்பித்தவர்களின் பெயரை முகப்பில் பொறிக்காதவர், பதினோராண்டுகளில் தாமும் ஒரு முகப்பிலிருந்து மறைந்தார்.

இங்கு பெயரைவிடப் பெரிய இழப்பும் உண்டு. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1602இல் நிறுவப்பட்டது. ஹவுட்மன் 1605இல் அக்கம்பெனியின் ஆளுநராக அம்போனில் அமர்ந்தார். விலை கேட்பதற்காகக் கற்ற மொழி, ஆணையிடுவதற்கும் பயன்பட்டது. 1873இல் டச்சு அரசு அச்சேயின் மீதே போர் தொடுத்தது. அப்போர் நீண்டபோது, மக்காவில் தங்கிக் கற்றுத் திரும்பிய ஸ்னூக் ஹுர்க்ரோன்யே அச்சே மக்களின் மொழியையும் மார்க்க வாழ்வையும் ஆழ்ந்து ஆராய்ந்து, அவர்களை அடக்கும் வழிகளை அரசுக்கு எடுத்துரைத்தார். ஹவுட்மன் மொழி கற்றபோது அச்சேயின் கைதி. ஸ்னூக் கற்றபோது அச்சேயை வெல்ல வந்த அரசின் ஆலோசகர். கற்ற மொழியின் தன்மை மாறவில்லை. கற்றவர் நின்ற இடம் மாறிவிட்டது.

மொழி எவர் பக்கமும் முழுமையாகச் சாய்வதில்லை என்பதற்கும் அத்தீவுகளே சான்று. டச்சு ஆட்சி 1949இல் அங்கே முடிவுற்றது. ‘கந்தோர்’ என ஈழத்தமிழில் கேட்கும் டச்சுச் சொல் இந்தோனேசியாவில் ‘கந்தோர்’ என்றே இன்றும் அலுவலகத்தைக் குறிக்கிறது. சாதாரண நூலை அம்மக்கள் டச்சு வழிவந்த ‘புக்கு’ என்று அழைக்கின்றனர். மார்க்க நூலுக்கும் வேதத்திற்கும் அறபு வழிவந்த ‘கிதாப்’ என்ற சொல்லையே காத்து வருகின்றனர். வந்த சொற்களை ஏற்று, அவற்றுக்குரிய இடத்தைத் தாங்களே வகுத்துக்கொண்ட மக்கள் அவர்கள்.

பழைய அகராதிகளைப் புரட்டும் நம் மாணவர்களும் ஆய்வாளர்களும் தொகுத்தவரின் உழைப்பை மதிக்கட்டும். அத்துடன், ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே, அதைப் பொறுமையுடன் சொல்லித் தந்த பெயரறியா ஆசான் ஒருவரும் இருந்தார் என்பதையும் எழுதி வைக்கட்டும். வரலாற்றில் அவருக்குச் சேர வேண்டிய பங்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது.