கறி எப்படி ஜப்பான் வீட்டுச் சாப்பாடு ஆனது?

ஜப்பான் சாப்பாடு என்றதும் நம்மில் பலருக்கு சுஷிதான் ஞாபகம் வரும். பச்சை மீனை எப்படித்தான் சாப்பிடுகிறார்களோ என்று ஒரு முகச்சுளிப்பும் கூடவே வரும். ஆனால் அங்கே ஒரு சாதாரண வீட்டில் ராத்திரி அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று எட்டிப் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். ஒரு நாள் கறி ஊற்றிய சோறு (அவர்கள் மொழியில் 'கரே ரைஸு'). மறுநாள் பன்றிக்கறியை ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்த 'டோன்கட்சு'. இன்னொரு நாள் உருளைக்கிழங்கு 'கொரொக்கே', சீனாவின் 'மாபோ டோஃபு', கெட்சப் போட்டுப் பிரட்டிய ஸ்பகெட்டி. இவற்றில் ஒன்றுகூட இருநூறு வருடங்களுக்கு முன்னால் எந்த ஜப்பானிய வீட்டிலும் கிடையாது. இன்று எல்லாமே 'அம்மா சமையல்'!

ஒரு நாட்டின் வீட்டுச் சாப்பாடு இந்த அளவுக்கு மாறியது தானாக நடந்ததா? இல்லை. அதன் பின்னால் ஒரு சக்கரவர்த்தி இருக்கிறார், ஒரு கடற்படை மருத்துவர் இருக்கிறார், நம் நாட்டு விடுதலைப் போராளி ஒருவரும் இருக்கிறார். எல்லோருக்கும் பின்னால் பெயர் தெரியாத லட்சக்கணக்கான பெண்கள் இருக்கிறார்கள்.

மாட்டிறைச்சி சாப்பிட்ட சக்கரவர்த்தி

கி.பி. 675ல் டென்மு என்ற சக்கரவர்த்தி மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றைச் சாப்பிடக்கூடாது என்று ஆணை போட்டார். பௌத்தத்தின் செல்வாக்கு ஒரு காரணம். உழவு மாடுகளைக் காப்பாற்ற வேண்டியதும் ஒரு காரணம். அந்தத் தடை வருடத்தில் சில மாதங்களுக்குத்தான். ஆனாலும் அடுத்தடுத்து வந்த ஆணைகளாலும் மத நம்பிக்கையாலும், நாலுகால் பிராணிகளைச் சாப்பிடுவது அசிங்கம் என்ற எண்ணம் ஊறிப்போனது. அதற்காக யாருமே சாப்பிடவில்லை என்று நினைக்காதீர்கள். உடம்புக்கு மருந்து என்று சொல்லிச் சாப்பிட்டார்கள். காட்டுப்பன்றிக்கு 'மலைத் திமிங்கிலம்' என்று பெயர் வைத்தும் சாப்பிட்டார்கள். திமிங்கிலம் மீன் கணக்கில் வந்துவிடும் அல்லவா!

1543ல் போர்ச்சுக்கீசியர்கள் வந்தார்கள். மாவில் தோய்த்துப் பொரிக்கும் முறை அவர்களிடமிருந்து வந்தது. அதுதான் பின்னாளில் டெம்புரா. ரொட்டிக்கு இன்றைக்கும் ஜப்பானில் 'பான்' என்ற போர்ச்சுக்கீசியச் சொல்தான். (தமிழில் 'பாண்' என்று இலங்கையில் சொல்வதும் அதே சொல்தான்.) 1639ல் போர்ச்சுக்கீசியர்களைத் துரத்திவிட்டு நாடு கதவைச் சாத்திக்கொண்டது. நாகசாகியில் ஒரு குட்டித் தீவில் டச்சுக்காரர்களை மட்டும் விட்டு வைத்தார்கள்.

1853ல் அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெர்ரி பீரங்கிக் கப்பல்களோடு வந்து கதவைத் தட்டினார். 1868ல் மெய்ஜி ஆட்சி வந்தது. வெள்ளைக்காரர்கள் ஏன் இவ்வளவு பலமாக இருக்கிறார்கள் என்று புதிய ஆட்சியாளர்கள் யோசித்தார்கள். அவர்கள் கண்டுபிடித்த பதில்களில் ஒன்று, அவர்கள் மாமிசம் சாப்பிடுகிறார்கள் என்பது. 1872 தொடக்கத்தில் மெய்ஜி சக்கரவர்த்தி மாட்டிறைச்சி சாப்பிட்டார் என்ற செய்தி ஊரறிய வெளியானது. ஆயிரத்து இருநூறு வருட வழக்கத்தை ஒரு சாப்பாட்டில் உடைத்தார்கள்.

எல்லோரும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. அடுத்த சில வாரங்களில் மலைத்துறவிகள் பத்து பேர் அரண்மனைக்குள் நுழைய முயன்றார்கள். வெளிநாட்டான் வந்ததிலிருந்து எல்லோரும் மாமிசம் சாப்பிட்டு நாட்டின் ஆன்மாவே கெட்டுவிட்டது என்பது அவர்கள் முறையீடு. காவலர்களோடு நடந்த சண்டையில் ஏறத்தாழ பாதிப் பேர் கொல்லப்பட்டார்கள். சாப்பாட்டு விஷயம்தானே என்று லேசாகச் சொல்லிவிட முடியாது பாருங்கள். உயிரே போயிருக்கிறது.

தவளைக் கறி!

அதே 1872ல் மேல்நாட்டுச் சமையல் பற்றி இரண்டு ஜப்பானியப் புத்தகங்கள் வந்தன. இரண்டிலும் கறி செய்முறை இருந்தது. ஒன்றில் சொல்லியிருக்கும் பொருள்களைக் கேளுங்கள்: வெங்காயத்தாள், இஞ்சி, பூண்டு, வெண்ணெய், இறால், மீன், சிப்பி, கோழி, அப்புறம் தவளை!

இந்தக் கறி நம் நாட்டிலிருந்து நேராகப் போகவில்லை. பிரிட்டிஷ்காரர்கள் இந்தியாவிலிருந்து ருசியை எடுத்துப்போய், மசாலாவைப் பொடியாக்கி டப்பாவில் அடைத்து, கோதுமை மாவு சேர்த்துக் கெட்டியாக்கி, 'மேல்நாட்டு உணவு' என்று ஜப்பானுக்குக் கொடுத்தார்கள். இங்கிலாந்தில் ஹன்னா கிளாஸ் என்ற பெண்மணி 1747லேயே தன் சமையல் புத்தகத்தில் கறி செய்முறை எழுதிவிட்டார். ஆகவே ஜப்பானியர்களுக்குக் கறி என்பது லண்டன் உணவு. ஆனால் சொல் யாருடையது? தமிழின் 'கறி'யிலிருந்து வந்தது என்றுதான் அகராதிகள் பெரும்பாலும் சொல்கின்றன. நம் கறி போர்ச்சுக்கீசியரிடம் 'கரில்' ஆகி, ஆங்கிலத்தில் 'கர்ரி' ஆகி, ஜப்பானில் 'கரே' ஆகிவிட்டது. உலகத்தைப் பாதி சுற்றிய சொல்!

கால் வீக்கமும் கறிச் சோறும்

அந்தக் காலத்தில் ஜப்பானைப் பிடித்து ஆட்டிய நோய் பெரிபெரி. கால் மரத்து, உடம்பு வீங்கி, கடைசியில் இதயம் நின்றுவிடும். தீட்டிய வெள்ளைச் சோறு சாப்பிடும் நகரத்துக்காரர்களையும் சிப்பாய்களையும்தான் அது அதிகம் தாக்கியது. கிராமத்து ஏழை மகன் பட்டாளத்தில் சேருவதே வயிறு நிறைய வெள்ளைச் சோறு கிடைக்கும் என்பதற்காக. அந்தச் சோறே எமனானது.

டகாகி கனெஹிரோ என்பவர் லண்டனில் படித்துவிட்டு 1880ல் திரும்பிய கடற்படை மருத்துவர். 1882ல் புறப்பட்ட ஒரு பயிற்சிக் கப்பலில் 376 பேரில் 169 பேருக்கு பெரிபெரி வந்து 25 பேர் இறந்தார்கள். அதிகாரிகளுக்கு அவ்வளவாக வராமல் சாதாரண மாலுமிகளுக்கு வருவதை டகாகி கவனித்தார். சாப்பாட்டில்தான் கோளாறு என்று முடிவு செய்தார். 1884ல் இன்னொரு கப்பலை ஏறத்தாழ அதே பாதையில் அனுப்பி, மாலுமிகளுக்கு இறைச்சி, ரொட்டி, காய்கறி எல்லாம் கொடுத்துப் பார்த்தார்கள். இருபது பேருக்கும் குறைவாகத்தான் நோய் வந்தது, ஒருவர்கூட சாகவில்லை.

டகாகி கண்டுபிடித்த காரணம் தவறு. புரதக் குறைவு என்று அவர் நினைத்தார். உண்மையில் அது தவிட்டோடு போய்விடும் வைட்டமின் பி1. ஆனால் மருந்து வேலை செய்தது! மாலுமிகளுக்கு ரொட்டி பிடிக்காததால் 1885 முதல் சோற்றில் பார்லி கலந்தார்கள். தரைப்படை மருத்துவர்களோ இதை ஒப்புக்கொள்ளவில்லை. கிருமிதான் காரணம் என்று அடம்பிடித்தார்கள். விளைவு? 1904-05 ரஷ்யப் போரில் சுமார் 27,000 தரைப்படைச் சிப்பாய்கள் பெரிபெரியில் இறந்தார்கள். எதிரியின் குண்டுக்கு அல்ல, தங்கள் தட்டில் இருந்த சோற்றுக்கு.

இறைச்சி, காய்கறி, கோதுமை மாவு எல்லாம் ஒரே பானையில் போட்டு, சோற்றின் மேல் ஊற்றிவிடலாம். நூறு பேருக்குச் சமைப்பதும் சுலபம். கடற்படைக்குக் கறி இப்படித்தான் பிடித்துப்போனது. 1908ல் வந்த கடற்படைச் சமையல் கையேட்டில் கறிச் சோறு செய்முறை இருக்கிறது. இன்றும் ஜப்பான் கடற்படையில் வெள்ளிக்கிழமை என்றால் கறிதான். படையிலிருந்து ஊர் திரும்பிய இளைஞர்கள் அந்த ருசியைக் கிராமத்துக்குக் கொண்டுபோனார்கள்.

குடும்பமாகச் சாப்பிடுவதே புதுசு!

எனக்கு மிகவும் ஆச்சரியம் தந்தது இந்தப் பகுதிதான். குடும்பம் முழுக்க ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பேசிச் சிரித்துச் சாப்பிடுவது ஜப்பானில் பழங்கால வழக்கம் என்று நினைத்தால் அது சரியல்ல. அப்போது ஆளுக்கு ஒரு சின்னப் பலகை, அல்லது ஒரு பெட்டி. அந்தப் பெட்டியில் அவரவர் கிண்ணமும் குச்சியும் இருக்கும். சாப்பிட்டு முடித்ததும் கிண்ணத்தில் தேநீர் ஊற்றிக் கலக்கிக் குடித்துவிட்டுப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். தந்தைக்கு முதல் இடம், வாசல் பக்கம் கடைசியில் மருமகள். சாப்பிடும்போது பேச்சு கூடாது.

மெய்ஜி காலத்தின் பிற்பகுதியில் 'இல்லம்' என்ற மேல்நாட்டுக் கருத்து பத்திரிகைகள் வழியாகவும் பள்ளிகள் வழியாகவும் வந்தது. சாபுடாய் என்ற குட்டைக்கால் மேசை வந்தது. 1920களில் அது வீட்டுக்கு வீடு பரவியது. ஒரே மேசை என்றால் நடுவில் வைக்க ஒரு பெரிய பதார்த்தம் வேண்டும் அல்லவா? அந்த இடத்தில்தான் வெளிநாட்டு உணவு வந்து உட்கார்ந்தது.

1903ல் முராய் கென்சாய் என்பவர் பத்திரிகையில் 'குய்டோராகு' என்று ஒரு தொடர்கதை எழுதினார். கதைக்குள்ளேயே 600க்கும் மேற்பட்ட உணவு வகைகளைப் புகுத்திவிட்டார். 'நல்ல மனைவி, அறிவுள்ள தாய்' என்பதுதான் அன்றைய அரசின் பெண் கல்விக் கொள்கை. பள்ளியில் மாணவிகள் கணக்கோடு கட்லெட்டும் கற்றார்கள். அதுவரை தினமும் சோறு, சூப்பு, ஊறுகாய், ஏதோ ஒரு மீன் என்று இருந்தது மாறி, நாளுக்கு ஒரு புதுப் பதார்த்தம் செய்யத் தெரிந்தவள்தான் நல்ல இல்லத்தரசி என்ற எதிர்பார்ப்பு வந்தது. கணவன் குறை சொல்வதும் கூடவே வந்தது. 1910களின் பிற்பகுதியில் பிரபலமான ஒரு வேடிக்கைப் பாட்டு, கல்யாணம் ஆன நாள் முதல் மனைவி தினமும் கொரொக்கேயே போடுகிறாள் என்று புலம்புகிறது. அந்த மனைவி பாடியிருந்தால் பாட்டு வேறு மாதிரி இருந்திருக்கும்!

டோக்கியோவின் கின்சா பகுதியில் 1895ல் தொடங்கிய ரெங்காடெய் என்ற உணவகம் பன்றிக்கறிக் கட்லெட்டைப் பிரபலமாக்கியது. அதோடு பச்சை முட்டைக்கோஸை நறுக்கி வைத்தார்கள். கறிச் சோறு, கட்லெட், கொரொக்கே இந்த மூன்றும் நகரத்து நடுத்தர வீடுகளின் மும்மூர்த்திகள் ஆயின.

நம் ஊர் போராளி வைத்த கறி

1912ல் டெல்லியில் வைஸ்ராய் ஹார்டிஞ்ச் மீது குண்டு வீசிய வழக்கில் தேடப்பட்ட ராஷ் பிகாரி போஸ் 1915ல் ஜப்பானுக்குத் தப்பினார். பிரிட்டிஷ் அரசு அவரைக் கேட்டது. டோக்கியோவின் ஷின்ஜுகுவில் நாகமுராயா என்ற ரொட்டிக் கடை நடத்திய சோமா தம்பதி அவரை ஒளித்து வைத்துக் காப்பாற்றினார்கள். அவர்கள் மகள் தொஷிகோவை 1918ல் போஸ் மணந்தார். தொஷிகோ 1925ல் இறந்துபோனார். 1927ல் அந்தக் கடை உணவுப் பகுதி திறந்தபோது, மாவு கலந்த பிரிட்டிஷ் கறி வேண்டாம், உண்மையான இந்தியக் கறி இதுதான் என்று போஸ் சொல்லிக்கொடுத்த கோழிக்கறியைப் பரிமாறினார்கள். மற்ற கடைகளைவிடப் பல மடங்கு விலை, ஆனாலும் கூட்டம். இன்றும் நாகமுராயாவில் கறி கிடைக்கிறது. பின்னாளில் இந்தச் சமையல்காரர்தான் இந்திய சுதந்திர லீக்கை நடத்தி, 1943ல் சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸிடம் தலைமையை ஒப்படைத்தார். மலாயாத் தோட்டத் தமிழர்கள் ஏராளமாகச் சேர்ந்த இந்திய தேசிய ராணுவத்தின் கதையில் இவருக்கும் பங்கு உண்டு.

போருக்குப் பிறகு

தோற்ற ஜப்பான் பட்டினி கிடந்தது. அமெரிக்கக் கோதுமையும் பால் பவுடரும் வந்தன. பள்ளி மதிய உணவில் ரொட்டி வந்தது. 1956 முதல் அமெரிக்கக் கோதுமை விவசாயிகளின் ஆதரவோடு 'சமையல் வண்டிகள்' ஊர் ஊராகப் போய் மாவு உணவு செய்து காட்டின. உதவியும் வியாபாரமும் ஒரே வண்டியில் வந்தன என்று சொல்லலாம்.

1957ல் என்.எச்.கே. தொலைக்காட்சியில் 'இன்றைய சமையல்' நிகழ்ச்சி தொடங்கியது. சிச்சுவானிலிருந்து வந்த சமையல்காரர் சென் கென்மின் அதில் தோன்றி மாபோ டோஃபுவைக் காரம் குறைத்து வீட்டுச் சமையலாக்கினார். 1963ல் ஆப்பிளும் தேனும் கலந்த 'வெர்மான்ட்' கறிக் கட்டி வந்தது. அதுவரை கறி பெரியவர்கள் சாப்பாடு. அதன் பிறகு குழந்தைகள் சாப்பாடு. 1968ல் வெந்நீரில் போட்டு எடுத்தால் போதும் என்ற பாக்கெட் கறியும் வந்தது.

அந்தத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஒரு சின்ன விவரம் இருக்கிறது. தொடக்கத்தில் செய்முறைகள் ஐந்து பேருக்கு அளவு சொல்லின. 1965ல் அது நாலு பேருக்கு ஆனது. 2009ல் இரண்டு பேருக்கு ஆனது. ஐந்து, நாலு, இரண்டு... ஒரு நாட்டுக் குடும்பத்தின் வரலாற்றை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுத முடியாது. மேசை வந்தது, உலகத்து உணவெல்லாம் மேசைக்கு வந்தது, ஆனால் சுற்றி உட்கார ஆள் குறைந்துவிட்டது. தனியாகச் சாப்பிடும் குழந்தைகளைப் பற்றி 1980களிலேயே அங்கே கவலைப்படத் தொடங்கினார்கள். 2012ல் டோக்கியோவில் ஒரு காய்கறிக் கடையில் 'குழந்தைகள் உணவகம்' என்று ஒன்று தொடங்கியது. அக்கம்பக்கத்துக் குழந்தைகள் வந்து குறைந்த விலையிலோ இலவசமாகவோ சேர்ந்து சாப்பிடலாம். 2024ல் நாடு முழுவதும் அப்படிப்பட்ட இடங்கள் 10,000ஐத் தாண்டிவிட்டன. அங்கே அடிக்கடி சமைப்பது என்ன தெரியுமா? கறிதான்!

எது சொந்தச் சாப்பாடு?

2013ல் ஜப்பானின் பாரம்பரிய உணவு 'வாஷோகு' யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்தது. நல்ல விஷயம்தான். ஆனால் அந்தப் பட்டியலில் இல்லாத கறிச் சோறுதான் பல ஜப்பானியர்களுக்கு 'எங்க வீட்டுச் சாப்பாடு'. நாமும் இதில் சளைத்தவர்கள் இல்லை. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு மூன்றுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. அவை இல்லாமல் இன்று நம் வீட்டில் ஒரு வேளை நகராது.

ஒரு உணவு எங்கே பிறந்தது என்பதைவிட, அதை யார் தினமும் அடுப்பில் வைத்தார்கள் என்பதுதான் அதைச் சொந்தமாக்குகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. சக்கரவர்த்தி ஒரு நாள் சாப்பிட்டார். வரலாற்றில் பெயர் வந்தது. அதைத் தினமும் சமைத்தவர்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அடுத்த முறை யாராவது 'இது நம்ம பாரம்பரிய உணவு, அது அந்நிய உணவு' என்று அடித்துப் பேசினால், அரண்மனை வாசலில் செத்துப்போன அந்தத் துறவிகளையும், இன்று வெள்ளிக்கிழமை தவறாமல் கறி சாப்பிடும் அந்த நாட்டு மாலுமிகளையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.