ஐன்ஸ்டீனுக்குப் பரீட்சை வைக்கும் ஜோடி நட்சத்திரங்கள்... ஊட்டி மலைச்சரிவில் கேட்கும் 'டிக் டிக்' என்ன?

ஏற்காட்டை அடுத்த மாரமங்கலத்தில், மேகம் இல்லாத ஒரு ராத்திரி. மலை மறைக்காத இடமாகப் பார்த்து வடக்கே திரும்பி நில்லுங்கள். கையை நீட்டி முஷ்டியை மடக்கித் தொடுவானத்தின் மேல் வையுங்கள். முஷ்டிக்குக் கொஞ்சம் மேலே ஒரு நட்சத்திரம் அசையாமல் நிற்கும். அதுதான் துருவ நட்சத்திரம். அது இருக்கும் உயரம் சுமார் 12 டிகிரி. சேர்வராயன் மலை பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய அதே 12 டிகிரியில் இருப்பதுதான் காரணம்.

இதே கணக்கை வைத்துத்தான் ஊட்டி அருகே முத்தோரையில் ஒரு ராட்சத ரேடியோ தொலைநோக்கி கட்டப்பட்டது. அங்கே தெற்கு வடக்காக சுமார் 11 டிகிரி சாய்ந்த மலைச்சரிவைத் தேடிப் பிடித்தார் விஞ்ஞானி கோவிந்த் ஸ்வரூப். சரிவும் அந்த ஊரின் அட்சரேகையும் ஒன்றாக இருப்பதால், தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரே அச்சில் திருப்பினாலே போதும், ஒரு நட்சத்திரத்தை மணிக்கணக்கில் பின்தொடரலாம். 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட இந்தத் தொலைநோக்கி 1970 முதல் இயங்குகிறது.

அது கேட்கும் சத்தங்களில் ஒன்று பல்சார். ஐன்ஸ்டீன் சொன்னது சரியா, தப்பா என்று சோதிக்க விஞ்ஞானிகளிடம் இருக்கும் மிகச்சிறந்த கருவிகளில் அதுவும் ஒன்று.

பல்சார் என்றால் என்ன?

சூரியனைவிடப் பல மடங்கு பெரிய நட்சத்திரம் வெடித்துச் சிதறும்போது, அதன் நடுப்பகுதி நொறுங்கிச் சுருங்குகிறது. மிஞ்சுவது நியூட்ரான் நட்சத்திரம். சூரியனைவிட அதிக எடை, ஆனால் அகலம் சுமார் 20, 25 கிலோமீட்டர்தான். சேலம் டவுனில் இருந்து ஏற்காடு போகும் தூரத்துக்குள் ஒரு சூரியனையே அடைத்த மாதிரி!

அது வேகமாகச் சுழலும்போது, கலங்கரை விளக்கம் போல ரேடியோ கதிர் நம் பக்கம் வந்து வந்து போகும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு 'டிக்'. இப்படித் துடிக்கும் நியூட்ரான் நட்சத்திரத்தைத்தான் பல்சார் என்கிறார்கள். முதல் பல்சாரை 1967-ல் கேம்பிரிட்ஜில் கண்டுபிடித்தவர் அப்போது ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஜோசலின் பெல்.

பல்சாரின் சிறப்பே அதன் துல்லியம்தான். சில பல்சார்கள் அணுக் கடிகாரத்தோடு போட்டி போடும் அளவுக்கு ஒழுங்காகத் துடிக்கும்.

கடிகாரத்தை வைத்து ஈர்ப்பு விசையை எப்படி அளப்பது?

ஏற்காடு மலைப்பாதையில் ஒரு பஸ் விநாடிக்கு ஒரு முறை ஹாரன் அடித்துக்கொண்டே வருவதாக வைத்துக்கொள்வோம். பஸ் உங்களை நோக்கி வரும்போது ஹாரன் சத்தங்கள் நெருங்கி நெருங்கிக் கேட்கும். விலகிப் போகும்போது இடைவெளி கூடும். கண்ணை மூடிக்கொண்டு இந்த இடைவெளியை மட்டும் குறித்து வைத்தாலே போதும், பஸ் எப்போது வளைவில் திரும்பியது என்று சொல்லிவிடலாம்.

பல்சார் இன்னொரு நட்சத்திரத்தைச் சுற்றி வந்தாலும் இதேதான் நடக்கும். துடிப்புகள் கொஞ்சம் முன்னே வரும், கொஞ்சம் பின்னே வரும். அதை வைத்து அதன் பாதையையே வரைந்துவிடலாம்.

1974-ல் நடந்தது என்ன?

அமெரிக்க விஞ்ஞானிகள் ரஸ்ஸல் ஹல்ஸ், ஜோசப் டெய்லர் இருவரும் அரெசிபோ தொலைநோக்கி மூலம் முதன்முதலாக ஒரு ஜோடி பல்சாரைக் கண்டுபிடித்தார்கள். விநாடிக்கு 17 துடிப்பு. இன்னொரு நியூட்ரான் நட்சத்திரத்தை 7 மணி 45 நிமிடத்தில் ஒரு முறை சுற்றுகிறது.

ஐன்ஸ்டீனின் பொதுச் சார்பியல் கொள்கைப்படி, இப்படிச் சுற்றும் இரண்டு கனமான பொருட்கள் ஈர்ப்பு அலைகளை வெளியிட்டு ஆற்றலை இழக்க வேண்டும். பாதை மெல்ல மெல்லச் சுருங்க வேண்டும். அளந்து பார்த்தார்கள். சுற்றும் நேரம் ஆண்டுக்குச் சுமார் 76 மைக்ரோ விநாடி குறைகிறது. பாதை ஆண்டுக்கு சுமார் மூன்றரை மீட்டர் சுருங்குகிறது. கணக்கு அப்படியே பொருந்தியது! 1993-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஈர்ப்பு அலைகளை நேரடியாகப் பிடித்தது அதற்குப் பிறகு, 2015-ல்தான்.

இங்கே ஒரு தமிழ்த் தொடர்பும் உண்டு. அந்த ஜோடியில் இரண்டு நட்சத்திரங்களும் சூரியனைப் போல ஏறக்குறைய 1.4 மடங்கு எடை கொண்டவை. இது 'சந்திரசேகர் எல்லை'க்கு மிக அருகில் இருக்கும் எண். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930-ல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே போட ஆரம்பித்த கணக்கு அது. அவருக்கு 1983-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இது எப்படி 'பரீட்சை' ஆகும்?

முக்கியமான பாயின்ட் இதுதான். ஜோடியில் இரண்டு எடைகள் தெரியாது. பாதை திரும்பும் வேகம், பல்சார் கடிகாரம் மெதுவாகும் அளவு ஆகிய இரண்டையும் அளந்தால் இரண்டு எடைகளும் கிடைத்துவிடும். அந்த எடைகளை வைத்து, பாதை எவ்வளவு சுருங்க வேண்டும் என்று கொள்கை முன்கூட்டியே ஒரு விடை சொல்லும். அளவீடு அதோடு பொருந்தாவிட்டால் கொள்கை ஃபெயில்.

போலீஸ் விசாரணை மாதிரிதான். இரண்டு சாட்சிகள் சொல்வதை வைத்து ஒரு முடிவுக்கு வரலாம். அது உண்மையா என்று தெரிய மூன்றாவது சாட்சி வேண்டும்.

சாட்சிகள் அதிகம் உள்ள ஜோடி 2003-ல் கிடைத்தது. அதில் இரண்டுமே பல்சார்! ஒன்றையொன்று சுற்ற எடுக்கும் நேரம் வெறும் 2 மணி 27 நிமிடம். பாதை தினமும் சுமார் 7 மில்லிமீட்டர் சுருங்குகிறது. இந்த ஜோடியை 16 ஆண்டுகள் கவனித்த சர்வதேசக் குழு 2021-ல் முடிவை வெளியிட்டது. ஈர்ப்பு அலை விஷயத்தில் ஐன்ஸ்டீன் கணக்கு 99.99 சதவீதம் சரி.

2018-ல் இன்னொரு பரீட்சை. ஒரு பல்சாரும் இரண்டு வெள்ளைக் குள்ளன் நட்சத்திரங்களும் சேர்ந்த மூவர் கூட்டணி அது. பெரிய ஈர்ப்புள்ள நியூட்ரான் நட்சத்திரமும், லேசான வெள்ளைக் குள்ளனும் மூன்றாவது நட்சத்திரத்தை நோக்கி ஒரே மாதிரி 'விழுகின்றனவா' என்று பார்த்தார்கள். வித்தியாசம் இருந்தாலும் 10 லட்சத்தில் 3 பங்குக்கும் குறைவு என்று தெரிந்தது. ஐன்ஸ்டீன் மறுபடியும் பாஸ்.

இந்தியா என்ன செய்கிறது?

புனே அருகே கோடாடில் 45 மீட்டர் அகலமுள்ள 30 ஆன்டெனாக்கள் கொண்ட ஜிஎம்ஆர்டி தொலைநோக்கி இருக்கிறது. இதைக் கட்டியதும் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில்தான். என்ஜிசி 1851 என்ற நட்சத்திரக் கொத்தில் முதல் ஜோடி பல்சாரை 2004-ல் கண்டுபிடித்தது இந்தத் தொலைநோக்கிதான்.

ஊட்டி, ஜிஎம்ஆர்டி இரண்டையும் வைத்துத் தொடங்கியதுதான் 'இந்திய பல்சார் டைமிங் அரே' திட்டம். பல பல்சார்களின் துடிப்பை வருடக்கணக்கில் குறித்து வைப்பதுதான் வேலை. 2023 ஜூனில் இந்தக் குழுவும் ஐரோப்பியக் குழுவும் சேர்ந்து, பிரபஞ்சம் முழுக்கப் பரவியிருக்கும் மிக மெதுவான ஈர்ப்பு அலைகளுக்கான ஆதாரத்தை வெளியிட்டன. அடுத்த கட்டமாக, தென் ஆப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் அமையும் எஸ்கேஏ தொலைநோக்கித் திட்டத்திலும் இந்தியா சேர்ந்திருக்கிறது. மத்திய அரசு இதற்கு 1,250 கோடி ரூபாய் ஒதுக்கியுள்ளது.

சரி, பாஸ் ஆனவருக்கு ஏன் திரும்பத் திரும்பப் பரீட்சை?

நியூட்டனும் 200 ஆண்டுகளுக்கு மேல் பாஸ் ஆகிக்கொண்டேதான் இருந்தார். புதன் கோளின் பாதையில் மட்டும் 100 ஆண்டுக்கு 43 ஆர்க் விநாடி கணக்கு உதைத்தது. ஒரு டிகிரியில் 3,600-ல் ஒரு பங்குதான் ஒரு ஆர்க் விநாடி. அந்தச் சின்ன வித்தியாசத்துக்குச் சரியான விடை சொன்னது 1915-ல் வந்த ஐன்ஸ்டீன் கொள்கை.

இன்று அந்தக் கொள்கை உங்கள் பாக்கெட்டில் இருக்கிறது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் கடிகாரம், சார்பியல் விளைவுகளால் தினமும் 38 மைக்ரோ விநாடி முந்தி ஓடும். அதைத் திருத்தாவிட்டால் ஒரே நாளில் மேப் கிலோமீட்டர் கணக்கில் தப்பாகக் காட்டும்.

ஆனால் அணுவுக்குள் நடப்பதை விளக்கும் குவாண்டம் கொள்கையும் ஐன்ஸ்டீனின் ஈர்ப்புக் கொள்கையும் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஏதோ ஓர் இடத்தில் இந்தக் கணக்கும் உதைக்கலாம் என்று விஞ்ஞானிகள் எதிர்பார்ப்பது அதனால்தான். அப்படி ஒரு நாள் உதைத்தால், அந்தச் செய்தி ஒரு பல்சாரின் 'டிக்' சில மைக்ரோ விநாடி தள்ளி வந்து சேர்வதாகத்தான் இருக்கக்கூடும். அதைக் கேட்கத்தான் இத்தனை வருடக் காத்திருப்பு.