வேனில் இறுதி விழா: பாலாற்றுப் பகுதியின் கூழ்வார்த்தல்

பயிர்த்தொழிலை வாழ்வாகக் கொண்ட மக்கள் விளைச்சலை ஒட்டி விழா எடுத்தல் உலகெங்கும் காணப்படும் வழக்கம். கிறித்தவம் பரவுதற்கு முன்னர் ஐரோப்பிய நாடுகளில் நிகழ்ந்த இத்தகைய விழாக்களை அந்நாட்டு அறிஞர் தனித் தொகுதியாக வைத்து ஆராய்ந்தனர். சர் சேம்சு பிரேசர் 1890-இல் வெளியிட்ட 'பொற்கிளை' என்னும் நூல் அவ்வாராய்ச்சிக்குப் பெருவழி வகுத்தது. அவ்வழக்கங்களைக் கிறித்தவர் 'பாகானுஸ்' என்னும் இலத்தீன் சொல்லாற் சுட்டினர். நாட்டுப்புறத்தான் என்பதே அச்சொல்லின் பழம்பொருள். பின்னரே அது வேற்றுச் சமயத்தான் என்னும் பொருளைப் பெற்றது. நம் சிற்றூர்த் தெய்வங்களின் விழாக்களையும் அத்தொகுதியிற் சேர்த்து 'அறுவடை விழா' எனப் பெயரிடும் போக்கு ஆராய்ச்சியாளரிடையே உண்டு. அப்பெயர் பொருந்துமா என்பதே ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட வினா. வேலூர், குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி முதலிய ஊர்களைக் கொண்ட பாலாற்றுப் பகுதியில் ஆடித் திங்களில் நிகழும் கூழ்வார்த்தலைச் சான்றாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

1. பொழுது

தொல்காப்பிய உரையாசிரியர் வகுத்த முறைப்படி சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். ஆவணியொடு கார் தொடங்கும். எனவே ஆடி விழா, தமிழர்தம் காலக் கணக்கின்படி, வேனிலின் இறுதி விழாவே ஆகும்.

இங்கிலாந்தில் ஆகஸ்டு முதல் நாள் 'லாம்மாஸ்' என்னும் விழா நிகழ்ந்து வந்தது. பழைய ஆங்கிலத்தில் அப்பெயர் 'அப்பப் பூசை' எனப் பொருள்படும். புதுக் கோதுமையால் சுட்ட முதல் அப்பத்தைக் கோயிலிற் படைப்பர். நம் ஆடிப்பதினெட்டோ ஆகஸ்டு இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் அமைகிறது. இரு விழாக்களுக்கும் இடையே ஓரிரு நாள்களே வேற்றுமை. இவ்வொப்புமை கண்டு மயங்குதல் எளிது. ஆயின் அங்கே அது கதிர் அறுக்கும் நாள். இங்கே 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்னும் பழமொழி காட்டுமாறு, அது விதைக்கும் நாள். நாள் ஒன்றாயினும் தொழில் வேறு. எனவே விழாவின் கருத்தும் வேறாதல் வேண்டும்.

2. நிலமும் பட்டமும்

கருநாடகத்து நந்திமலைப் பகுதியில் தோன்றும் பாலாறு ஏறத்தாழ 348 கிலோமீட்டர் ஓடிக் கடலை அடைவது. அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில் உள்ளது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் ஆறு இது. ஏரிகளும் கிணறுகளும் ஆற்றுமணலில் தோண்டிய ஊற்றுக்கால்களுமே இப்பகுதி உழவர்க்கு உறுதுணையாயின. நீர்ப்பாய்ச்சல் உள்ள நிலத்தில் நெல்லும் கரும்பும், மானாவாரி நிலத்தில் கேழ்வரகும் கம்பும் வேர்க்கடலையும் விளைந்தன. மானாவாரிப் பயிர்க்கு ஆடியே தலையாய பட்டம்.

ஈண்டு ஒரு தடை எழலாம். நீர்வளமுடைய நிலங்களில் சித்திரையை ஒட்டி விதைக்கும் சொர்ணவாரி நெல், ஆடி ஆவணியில் அறுவடையாகும். எனவே ஆடி விழா அவ்வறுவடையைப் போற்றுவதாகலாம் அன்றோ எனின், அன்று என்க. அங்ஙனமாயின் தைப்பொங்கலிற் போலப் புது நெல்லே படையலாதல் வேண்டும். கூழ்வார்த்தலிலோ படைக்கப்படுவது கேழ்வரகு அல்லது கம்பின் கூழ். அத்தவசம் புதியதாதல் வேண்டும் என்னும் விதியும் இல்லை. பொங்கலுக்குப் புதுமை இன்றியமையாதது. கூழுக்கு அஃது ஒரு பொருட்டன்று. இரண்டையும் ஒரே வகையில் அடக்கலாகாது என்பதற்கு இதுவே வலிய சான்று.

3. கூழ்வார்த்தல்

விழாவுக்குச் சில நாள் முன்னர் ஊரார் வீடுதோறும் சென்று தவசமும் பொருளும் தண்டுவர். முதல்நாளே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைத்து, மறுநாள் நொய்யுடன் காய்ச்சுவர். அம்மன் கோயில் முன்னர்ப் பெரிய கொப்பரைகளில் ஊற்றி, வேப்பிலை செருகிப் படைத்தபின், கலங்களுடன் வந்தோர்க்கெல்லாம் வார்ப்பர். முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் உடன் அமைதலும் உண்டு. பம்பையும் உடுக்கையும் பறையும் முழங்கும்.

இதன் பொருள் யாது? தையில் அறுத்த நெல்லும் மாசி பங்குனியில் சேர்த்த தவசமும் ஆடியில் குதிரின் அடியைத் தொட்டுவிடும். எஞ்சியதில் ஒரு பங்கை விதைக்கென ஒதுக்க வேண்டும். கூலி வேலையும் இக்காலத்தில் அருகும். குதிர் உள்ளவன் பொறுத்திருப்பான். இல்லாதவன் என் செய்வான்? அந்நிலையில் வீடுதோறும் தண்டிய தவசம் ஒரே கொப்பரையிற் கூழாகி, வேண்டுவார் அனைவர்க்கும் வார்க்கப்படுகிறது. எனவே இது பெற்றதற்கு நன்றி கூறும் விழா அன்று. எஞ்சியதைப் பகிரும் விழா எனக் கொள்வதே பொருத்தம். பசிப்பிணி நீக்குதலைத் தலையாய அறமாகப் பாடிய மணிமேகலை தோன்றிய மொழியில் இத்தகைய விழா நிலைபெற்றமை வியப்பன்று.

4. தலையும் உடலும்

ஆயின் இப்பகிர்வு எல்லார்க்கும் ஒருதன்மையாக அமைந்ததா? இவ்வினாவுக்கு இப்பகுதியின் தெய்வக் கதையே விடை பகர்கின்றது.

பாலாற்றுப் பகுதியின் வேனில் விழாக்கள் குடியாத்தத்துக் கெங்கையம்மன் சிரசு விழாவுடன் சிறப்புறத் தொடங்குகின்றன. வைகாசி முதல்நாளில், தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மனின் தலை ஊர்வலமாகப் புறப்படும். கௌண்டன்ய ஆற்றங்கரையை அடுத்த கோபாலபுரத்துக் கெங்கையம்மன் கோயிலில் அஃது உடலொடு பொருத்தப்பட்டுக் கண் திறக்கப்படும். அவ்வுடல் 'சண்டாளச்சி உடல்' என்றே இன்றும் வழங்கப்படுகின்றது. ஆடி வெள்ளிகளிலோ மக்கள் திரள் படவேட்டு ரேணுகாம்பாள் கோயிலை நோக்கிச் செல்லும். சம்புவராயர் தலைநகராய் விளங்கிய அவ்வூரிலும் அம்மன் தலைவடிவாகவே வழிபடப்படுகிறாள்.

சமதக்கினி முனிவரின் ஆணைப்படி மகன் பரசுராமன் தாய் இரேணுகையின் தலையைக் கொய்தான் என்பதும், பின்னர் அவள் உயிர் பெற்றாள் என்பதும் மாபாரதத்துள்ளும் உண்டு. ஆனால் இரேணுகையின் தலை, தீண்டப்படாதவள் எனப்பட்ட வேறொருத்தியின் உடலிற் பொருந்தியது என்னும் பகுதி அங்கு இல்லை; அது தென்னாட்டு வழக்கில் வளர்ந்தது. பிரெஞ்சுப் பயணி சொன்னரா 1782-இல் வெளியிட்ட நூலில் இக்கதையைக் குறித்தார். அதனையே மூலமாகக் கொண்டு செருமானியப் பெருங்கவிஞர் கேத்தே 'பறையர்' என்னும் பெயரில் மூன்று பாடல்கள் இயற்றி 1824-இல் வெளியிட்டார். வெளிநாட்டார் உள்ளத்தையும் தொட்ட இக்கதை, நம் ஊர்களின் அமைப்பைக் காட்டும் ஆவணமும் ஆகும்.

தலை முனிபத்தினியுடையது, உடல் ஊர்க்கு வெளியே வாழ்ந்தவளுடையது. இரண்டும் கூடினாலன்றி அம்மன் இல்லை. அங்ஙனமே, இறந்த மாட்டை அகற்றித் தோலுரித்துப் பறை கட்டி முழக்கியவர் இலராயின் விழாவும் இல்லை. எனினும் ஊர்வலத்திற் சிறப்புப் பெறுவது தலையே. ஊர்க்கோயிலும் சேரிக்கோயிலும் தனித்தனியே கூழ்வார்க்கும் வழக்கமும் பல ஊர்களில் உண்டு. ஆதலின் கதை கூறும் ஒருமையை, நடைமுறையில் நிலவிய ஒருமை எனக் கொள்ளுதல் பிழையாம். ஒன்றாக வேண்டும் என்னும் உணர்வையும் ஒன்றாகாத நிலையையும் இவ்விழா ஒருங்கே காட்டுகிறது என்பதே நம் கருத்து.

5. தோலும் நிலமும்

1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும்பஞ்சத்தை மக்கள் தாது ஆண்டுப் பஞ்சம் என்பர். வட ஆர்க்காடும் அதனால் வருந்தியது. கால்நடைகள் மடிந்து வீழ்ந்தமையால் தோல் ஏற்றுமதி அவ்வாண்டுகளில் உயர்ந்தது. நிலம் வாடும்போது தோல் வாணிகம் தழைத்தது என்னும் இவ்வுண்மை பின்வரலாற்றுக்கு ஒரு முன்னறிகுறி போலும்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை முதலிய ஊர்களில் இசுலாமிய வணிகர் பலரின் முயற்சியால் பதனிடுதொழில் வளர்ந்தது. தொழிற்சாலைகளில் உழைத்தோருட் பெரும்பாலார், அம்மன் கதையில் உடலாக நின்றவளின் வழியினரே. முன்பு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்டனர். அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதற்கு 1970-களில் அரசு கட்டுப்பாடு விதித்தபின், முற்றும் பதனிட்ட தோலும் காலணியும் செய்யும் தொழில் பெருகியது. குரோமிய உப்பாற் பதனிடும் முறையும் அதனொடு பரவியது. வேலைவாய்ப்பும் அயல்நாட்டுச் செலாவணியும் வளர்ந்தன. கழிவுநீரோ ஆற்றையும் கிணற்றையும் அடைந்தது.

வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28-இல் தீர்ப்பு வழங்கியது. மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செய்தல் வேண்டும் என்னும் நெறியை இந்நாட்டுச் சட்டத்தின் ஒரு கூறாக அத்தீர்ப்பு நிறுவியது. பதனிடுதொழில் நடக்கும் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்குத் தகுதி இழந்தது என்னும் ஆய்வுக் கணக்கும் அதில் எடுத்தாளப்பட்டுள்ளது.

இக்கணக்கு வேளாண்மை வரலாற்றுக்கு மட்டும் உரியதன்று. விழா வரலாற்றுக்கும் உரியது. பட்டம் தேடி விதைக்க நிலம் இல்லாத தெருக்களிலும் ஆடியிற் கூழ் வார்க்கப்படுகிறது. கேழ்வரகு களத்திலிருந்து வாராது கடையிலிருந்து வருதல் இயல்பாகிவிட்டது. வீடுதோறும் தண்டும் பொருளில், தோலிலும் காலணியிலும் உழைத்து ஈட்டிய கூலியே மிகுதி. ஆகவே விழா நிகழ்தல் கொண்டு அவ்வூரில் உழவும் நிகழ்கிறது என முடிவு கட்டுதல் இயலாது. பழைய விழாக்களைக் கொண்டு பழைய பொருளியலை உய்த்துணரும் ஆராய்ச்சியாளர் இதனை உளங்கொள்ளுதல் வேண்டும்.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை: ஆடிக் கூழ்வார்த்தல் வேனிலின் இறுதி விழா, ஆயின் அறுவடை விழா அன்று. அது பழைய தவசத்துக்கும் புதிய விதைக்கும் இடைப்பட்ட பசிக்காலத்தின் பகிர்வு விழா. அப்பகிர்வின் எல்லையையும் குறையையும் தலையும் உடலும் பற்றிய கதை காட்டுகிறது. அறுவடையை வேராகக் கொண்ட விழாவாயின், விளைநிலம் கெட்டபோதே அது வாடியிருத்தல் வேண்டும். வாடாது நிற்றலே அதன் வேர் வேறு என்பதற்குச் சான்று. விளைச்சல் போயினும் பசி போகவில்லை. பகிரவேண்டிய கடமையும் போகவில்லை. பாலாற்று நிலம் மீண்டும் பயிருக்குத் தகுதி பெறுமாயின், அவ்வாடியில் விதைக்கும் கேழ்வரகே மறு ஆண்டின் கொப்பரைக்கு வந்து சேரும். அந்நாள்வரை இவ்விழாவை விளைச்சலின் பெயரால் அழைப்பது வரலாற்றுக்கும் பொருந்தாது. இழந்த நிலத்துக்குரிய மக்களுக்கும் நீதியாகாது.