எதிர்க்கட்சி வரிசையும் தேயிலைத் தோட்டமும்

நீலகிரி என்றவுடன் உதகையின் ஏரியும், குன்னூரின் மலை இரயிலும், பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற தேயிலைச் சரிவுகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் கூடலூர், பந்தலூர், கோத்தகிரி வட்டாரங்களில் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளுக்குள் நுழைந்து அங்குள்ள முதியவர்களோடு பேசிப் பாருங்கள். தாங்கள் பிறந்த ஊர் என்று அவர்கள் சொல்லும் பெயர்கள் நீலகிரியைச் சேர்ந்தவை அல்ல. நுவரெலியா, அட்டன், பதுளை என்று இலங்கை மலைநாட்டு ஊர்களாக அவை இருக்கும். அக்கம்பக்கத்தார் அவர்களைச் 'சிலோன்காரர்' என்பர். அரசாங்க ஏடுகள் 'தாயகம் திரும்பியோர்' என்று குறிக்கும். தாம் பிறந்து வளர்ந்த மண்ணை விட்டு இவர்கள் ஏன் இங்கு வந்தார்கள்?

இந்தக் கேள்விக்கு விடை காண, நாம் கொழும்பு நகரில் கடலைப் பார்த்து நிற்கும் பழைய பாராளுமன்றக் கட்டடத்துக்குச் செல்ல வேண்டும். 1948-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அங்கு நடந்த விவாதம், பாராளுமன்றத்தில் எதிர்க்கட்சியின் கடமை யாது என்பதைக் கற்க விரும்பும் மாணவர்களுக்கு அரியதொரு பாடமாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்தே திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் முதலிய பகுதிகளின் ஏழை உழவர்கள் பஞ்சத்தாலும் கடனாலும் உந்தப்பட்டு, கங்காணிகளின் பின்னே இலங்கைக்குச் சென்றனர். முதலில் காப்பித் தோட்டங்களிலும், காப்பிச் செடியை நோய் அழித்த பிறகு தேயிலைத் தோட்டங்களிலும் அவர்கள் உழைத்தனர். இலங்கை விடுதலை பெற்ற 1948-இல் அவர்களின் தொகை ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டது. அவர்களில் பெரும்பகுதியினர் அந்நாட்டிலேயே பிறந்தவர்கள்.

1931-இல் இலங்கையில் வயது வந்தோர் வாக்குரிமை வந்தபோது இவர்களில் கணிசமானோர் வாக்காளர்களாயினர். 1947-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் நுவரெலியாவிலிருந்து எஸ். தொண்டமானும், தலவாக்கலையிலிருந்து சி. வி. வேலுப்பிள்ளையும், நாவலப்பிட்டியிலிருந்து கே. இராஜலிங்கமும், மலைநாட்டின் வேறு சில தொகுதிகளிலிருந்து அவர்களுடைய தோழர்களும் சபைக்குச் சென்றனர். அவர்கள் அமர்ந்தது எதிர்க்கட்சி வரிசையில்.

1948 பிப்ரவரி 4-ஆம் நாள் இலங்கை சுதந்திரம் பெற்றது. ஆறு மாதங்களுக்குள் பிரதமர் டி. எஸ். சேனநாயக்கவின் அரசாங்கம் குடியுரிமை மசோதாவைக் கொண்டுவந்தது. ஒருவன் இலங்கையில் பிறந்தான் என்பது மட்டும் குடியுரிமைக்குப் போதாது. அவனுடைய தந்தையும் அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். பார்வைக்கு இது எல்லோருக்கும் பொதுவான விதிபோலத் தோன்றும். ஆனால் பாட்டனின் பிறப்புச் சான்றை லயத்து வீட்டில் வாழும் தொழிலாளி எங்கே தேடுவான்? சட்டத்தின் சொற்களில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. சட்டத்தின் பளுவோ ஓர் இனத்தின் தோளிலேயே விழுந்தது.

அரசாங்கத்தின் தரப்பையும் நாம் நேர்மையோடு கேட்க வேண்டும். வெள்ளையர் ஆட்சியில் கண்டி நாட்டு உழவர்கள் தங்களைச் சூழ்ந்திருந்த நிலங்களைத் தோட்டங்களுக்கு இழந்தார்கள். தங்கள் தொகுதிகளிலேயே தாங்கள் சிறுபான்மையாகிவிடுவோமோ என்ற அச்சம் அவர்களிடையே இருந்தது. அந்த அச்சம் பொய்யன்று. ஆயினும் நிலத்தைப் பறித்தவன் துரை. அதற்குத் தண்டனை பெற்றவன் அந்நிலத்தில் கூலிக்கு உழைத்தவன்.

இதனை எதிர்க்கட்சியினர் சபையில் எடுத்துரைத்தனர். மலைநாட்டு உறுப்பினர்களுடன் எதிர்க்கட்சித் தலைவர் என். எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா, பீட்டர் கெனமன் முதலிய இடதுசாரித் தலைவர்களும் மசோதாவை எதிர்த்தனர். இவர்களுள் எவரும் தோட்டத் தொழிலாளியின் இனத்தவர் அல்லர் என்பதை நினைவில் இருத்துங்கள். யாழ்ப்பாணத்துத் தமிழ்க் காங்கிரஸைச் சேர்ந்த ஜி. ஜி. பொன்னம்பலமும் எஸ். ஜே. வி. செல்வநாயகமும் எதிர்த்து வாக்களித்தனர். எதிர்ப்பு வாக்குகள் 35. ஆதரவு வாக்குகள் 53. மசோதா நிறைவேறியது. அவ்வாண்டு நவம்பர் 15-ஆம் நாள் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

இதற்குப் பிறகு நிகழ்ந்ததுதான் எதிர்க்கட்சியின் உறுதிக்கு உண்மையான சோதனை. பொன்னம்பலம் அரசாங்கத்தில் அமைச்சராகச் சேர்ந்தார். அவ்வாண்டு இறுதியில், இந்திய பாகிஸ்தானிய வம்சாவளியினர் பதிவு செய்துகொண்டு குடியுரிமை பெறுவதற்கான கடுமையான நிபந்தனைகளைக் கொண்ட இரண்டாவது மசோதா வந்தபோது அவர் அரசாங்கத்தோடு நின்றார். செல்வநாயகமோ தம் தலைவரைப் பிரிந்து எதிர்த்தார். பாதிக்கப்பட்டவர்கள் அவருடைய தொகுதி வாக்காளர்கள் அல்லர். இன்று ஒரு பிரிவினருக்கு மறுக்கப்படும் நீதி நாளை மற்றொரு பிரிவினருக்கும் மறுக்கப்படும் என்பது அவர் கருத்து. 1949 டிசம்பரில் அவர் புதிய கட்சியைத் தொடங்கினார். 1952-ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் தம் தொகுதியையே இழந்தார். 1956-இல்தான் மீண்டும் வென்றார். கொள்கைக்கு விலை உண்டு என்பதை இது காட்டுகிறது.

1949-இல் மற்றொரு சட்டம் குடியுரிமை இல்லாதவர்களின் வாக்குரிமையையும் பறித்தது. 1952-இல் கூடிய புதிய சபையில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் உறுப்பினர் ஒருவரேனும் இல்லை. கேள்வி கேட்டவர்களைத் தோற்கடிக்க வாதம் தேவைப்படவில்லை. அவர்களைத் தேர்ந்தெடுத்தவர்களின் பெயர்களைப் பட்டியலிலிருந்து நீக்குவதே போதுமானதாயிற்று. தொண்டமானும் தோழர்களும் அவ்வாண்டு கொழும்பில் சத்தியாக்கிரகம் செய்தனர். கோடக்கன் பிள்ளை என்பவரின் வாக்குரிமை வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்று 1953-இல் தோற்றது. குடியுரிமை கோரி எட்டு லட்சம் பேருக்கு மேற்பட்டவர்கள் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. பயன் பெற்றவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் குறைவே. எஞ்சியவர்கள் எந்த நாட்டின் குடிகளும் அல்லாத நாடற்றவர்களாயினர்.

1964 அக்டோபர் 30-ஆம் நாள் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். அதில் கணக்கிடப்பட்டவர்கள் 9,75,000 பேர். 5,25,000 பேருக்கு இந்தியாவும் 3,00,000 பேருக்கு இலங்கையும் குடியுரிமை அளிக்க வேண்டும். எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. பங்கிடப்பட்டவர்களின் கருத்து கேட்கப்படவில்லை. தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பல் ஏறியவர்களில் பலருக்கு இந்தியா, பாட்டி சொல்லிய கதைகளில் மட்டுமே அறிந்த நாடு. அவர்களுக்கு வேலை அளிப்பதற்காகத் தமிழக அரசு 1968-இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. 1976-இல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. கூடலூர் முதியவரின் கதை இவ்வாறுதான் நீலகிரிக்கு வந்தது.

மாணவ நண்பர்களே, 35 பேர் எழுந்து நின்று எதிர்த்ததால் என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். அன்று பயன் இல்லை என்பது உண்மை. ஆனால் பாராளுமன்றத்தில் பேசப்படும் சொல் காற்றோடு போவதில்லை. அது ஏட்டில் ஏறுகிறது. 'இதன் விளைவு எங்களுக்குத் தெரியாது' என்று எந்த அரசாங்கமும் பின்னர் சொல்ல முடியாதபடி அந்த எதிர்ப்பு சாட்சியாக நின்றது. தொண்டமான் 1978-இல் இலங்கையில் அமைச்சரானார். 1988-இல் ஒரு சட்டமும், 2003 அக்டோபரில் மற்றொரு சட்டமும் நாடற்றவர்களுக்குக் குடியுரிமை வழங்கின. 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பாராளுமன்றம் ஏகமனதாக நிறைவேற்றியது. 1948-இல் சிறுபான்மையாக இருந்த கருத்து, ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு சபை முழுவதின் கருத்தாயிற்று.

எனினும் இதனை வெற்றி என்று கொண்டாடிவிட முடியாது. அதற்குள் இரண்டு தலைமுறைகள் நாடின்றி வாழ்ந்து கழிந்தன. இலட்சக்கணக்கான குடும்பங்கள் கடலின் இரு கரைகளிலும் பிரிந்தன. எதிர்க்கட்சியின் சொல்லை உரிய காலத்தில் கேளாத ஆட்சி, அதன் விலையைத் தான் கொடுப்பதில்லை. எளிய மக்களைக் கொடுக்கச் செய்கிறது. ஆகவே, எண்ணிக்கையில் சிறிய வரிசையிலிருந்து ஒரு கேள்வி எழும்போது, எத்தனை பேர் அதைக் கேட்கிறார்கள் என்று எண்ணுவதற்கு முன், யாருக்காகக் கேட்கிறார்கள் என்று பாருங்கள். நீலகிரிக்குச் செல்லும்போது, தேயிலைச் சரிவில் கொழுந்து பறிக்கும் ஒரு மூதாட்டியிடம் அவர் பிறந்த ஊரைக் கேளுங்கள். அந்த விவாதத்தின் எஞ்சிய பகுதியை அவர் உங்களுக்குச் சொல்லக்கூடும்.