பட்டு வழியில் இலங்கை

ரோமாபுரிச் செல்வர் சீனப் பட்டைப் பெரிதும் விரும்பினர். இந்தியா, சீனம், அரேபியா ஆகிய நாடுகள் ஆண்டுதோறும் குறைந்தது 10 கோடி செஸ்டர்ஸ் நாணயத்தைத் தம் நாட்டினின்று கொண்டு செல்கின்றன எனக் கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி என்னும் அறிஞர் வருந்தினார். ஆயினும் சீனப் பட்டு புழுவினின்று கிடைப்பதை அவர் அறியார். மர இலைகளிற் படியும் பஞ்சென்றே எழுதிவைத்தார். பார்த்தியர், இந்தியர் முதலியோர் இடைநின்று விற்றமையால், நெய்தவரும் உடுத்தவரும் ஒருவரையொருவர் அறிந்திலர்.

கடல்வழியின் நடுவே நின்றது இலங்கை. சீனத்துப் பட்டு இத்தீவில் வந்திறங்கி மேற்றிசைத் துறைகளுக்குச் சென்றதைக் கி.பி. 6ஆம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்னும் கிரேக்க வணிகர் குறித்துள்ளார். அதற்கு நூறாண்டுகளுக்கும் முன்னரே, தாய்நாடு நீங்கிப் பல்லாண்டு கழிந்த சீனத் துறவி பாகியான் அநுராதபுரத்துக்கு வந்திருந்தார். அபயகிரி விகாரையில் வணிகன் ஒருவன் காணிக்கையாக வைத்த சீன வெண்பட்டு விசிறியைக் கண்டார்; கண்டதும் கண்ணீர் உகுத்தார்.

பிளினிக்குப் பட்டு பொன்னிழப்பாகத் தோன்றிற்று. பாகியானுக்கோ தம் மக்களின் கைவண்ணமாகத் தோன்றிற்று. அன்புவழிபுரத்தை அடுத்த திருக்கோணமலைத் துறையில் இன்றும் அயல்நாட்டுச் சரக்குக் கப்பல்கள் நங்கூரமிடுகின்றன. பண்டத்தின் விலையோடு அதனை ஆக்கியோரையும் அறிய முற்படுதலே, துறைமுகத்தை அண்டி வாழ்வோர்க்கு இவ்வரலாறு உணர்த்தும் பாடமாகும்.